காதுக்குக் கேட்காத இரைச்சல்

மருமகன் வாங்கிக் கொடுத்த சாமானை வாய்விட்டுத் திட்ட முடியாது. அமராவதிக்கு எரிச்சல் அங்கேயே தொடங்கியது.

மகள் திலகா வாங்கியிருந்தால் போனைப் போட்டு நாலு கேள்வி கேட்டிருப்பாள். வாங்கியது விமலன். ஷா ஆலமில் ஒரு கூரியர் கம்பெனியில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். மாமனார் மேல் நல்ல பாசம். மற்ற வீட்டு மருமகன்கள் தீபாவளிக்கு ஒரு பெட்டி ஆரஞ்சுத் தண்ணீரோடு வருவார்கள். இவன் லோரிக் கண்ணாடியில் ஒட்டுகிற கேமராவோடு வந்து இறங்கினான்.

"மாமா, இப்பல்லாம் மோட்டார்ல வர்றவன் தானா வந்து விழுந்துட்டு நம்ம மேலயே ரிப்போட் பண்றான். கேமரா இருந்தா எவிடென்ஸ் லா. யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல முடியாது."

அமராவதியின் புருஷன் செல்லன் சிரித்தார். பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டி உள்ளே இருக்கிற செம்பனைத் தோட்டங்களில் பழக்குலை ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோகிற லோரி அவருடையது. அவருடையது என்றால் சொந்த லோரி இல்லை, ஒப்பந்தக்காரருடையது. ஆனால் தீபாவளி விடுமுறையில்கூட அதைப் புக்கிட் பெலிம்பிங் வீட்டுக்கு ஓட்டி வந்து கழுவி நிறுத்தியிருந்தார். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் விமலன் டேஷ்போர்டைக் கழற்றிவிட்டான்.

லோரி பேட்டரி இருபத்து நான்கு வோல்ட். கேமராவுக்கு ஐந்து போதும். நடுவில் அதை இறக்கிக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி வேண்டும். தீப்பெட்டியில் பாதி அளவு. இணையத்தில் இரண்டு ஒரே பாக்கெட்டில் மலிவாகக் கிடைத்ததாம். ஒன்றைக் கறுப்பு டேப் சுற்றி டேஷ்போர்டுக்குள், கம்பெனி வைத்திருந்த ஜிபிஎஸ் டப்பாவின் பக்கத்திலேயே சொருகினான். மிச்சமிருந்ததை வீணாக்குவானேன் என்று அடுக்களையில் ஒரு பழைய பேட்டரியோடு சேர்த்து, கரண்டு போனால் எரிகிற மாதிரி ஒரு விளக்கு போட்டுக் கொடுத்தான்.

"அத்தே, இனிமே இருட்டுல சமைக்க வேணாம்."

"நல்லது தம்பி" என்றாள் அமராவதி. அன்றைக்கு அவள் மனதாரச் சொன்னது அது.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. தோட்டத்து மண்சாலை குழைந்து, லோரி டயர் புதைந்து, செல்லன் சேறும் செம்பனை எண்ணெயுமாக வீட்டுக்கு வருவார். அவர் சட்டையைத் தனியாக ஊறவைத்துத்தான் துவைக்க வேண்டும். அமராவதியின் சட்டையும் அப்படித்தான். சுங்கை செம்பிலாங்கில் கருவாடு போடுகிற கொட்டகையில் அவளுக்கு வேலை. விடிந்ததும் மீனைக் கீறிக் குடலெடுத்து உப்பில் அடுக்க வேண்டும். வெயில் வந்தால் தட்டியில் பரப்ப வேண்டும். மழை தூறினால் ஓடிப்போய் அள்ள வேண்டும். அந்த மாதம் முழுக்க அள்ளுவதே வேலையாக இருந்தது.

அப்படி அள்ளி ஓய்ந்து ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது, செல்லன் வேலைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் சேறில்லை.

"என்னாங்க, லோரி எங்க?"

"யார்டுல."

"யார்டுல ஏன்? பழுதா?"

"லோரி நல்லாத்தான் இருக்கு. நாந்தான் பழுது."

பிடுங்கிப் பிடுங்கித்தான் விஷயம் வந்தது. சூப்பர்வைசர் சுகுமாரன் கூப்பிட்டு போனில் மேப்பைக் காட்டினானாம். செல்லனின் லோரி தோட்டத்துக்குள் குலை ஏற்றிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், மேப்பில் அது பெரிய சாலை முச்சந்தியில் நிற்கிறது. அந்த முச்சந்தியில் ஒரு தனியார் ரேம்ப் இருக்கிறது. யார் குலை கொண்டுவந்தாலும் எங்கே வெட்டியது என்று கேட்காமல் வாங்குகிற இடம். ஒரு தடவை இல்லை, பல தடவை அங்கே நிற்கிறது. தோட்டத்தில் ஏற்றும்போது எடை கிடையாது. மில்லில்தான் திம்பாங்கில் ஏற்றி நிறுப்பார்கள். வழியில் கொஞ்சம் குலையை இறக்கிவிட்டால் கண்டுபிடிக்க வழியில்லை, மேப்பைத் தவிர.

"நான் சொல்லலண்ணே, மேப்பு சொல்லுதுங்கறான்" என்றார் செல்லன். "எல்லா ட்ரைவரும் நிக்கிறாங்க. அவங்க முன்னாடி சொல்றான். விசாரணை முடியிற வரைக்கும் லோரிய எடுக்க வேணாமாம்."

அமராவதி கையைக்கூடக் கழுவவில்லை. மீன் வாடையோடு அவர் முன்னால் நின்று, யோசிக்காமல் ஒன்று கேட்டாள்.

"நெசமா எங்கியும் நிறுத்தலயே நீங்க?"

செல்லன் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். அதோடு வாயை மூடினவர்தான்.

சாப்பிடக் கூப்பிட்டால் வந்து உட்கார்வார். வைத்ததைச் சாப்பிடுவார். குழம்பில் உப்பில்லாமல் ஒரு நாள் வேண்டுமென்றே வைத்தாள், அதையும் சாப்பிட்டு எழுந்து போனார். கோழிக்கூண்டை மாற்றிக் கட்டினார். வீட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடையைத் தோண்டிச் சுத்தம் செய்தார். போனை எடுத்துக்கொண்டு மரவள்ளிச் செடிப் பக்கம் போய் நிற்பார். இவள் எட்டிப் பார்த்தால் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்.

"நான் கேட்டது தப்புதான், விடுங்க" என்றாள் ஒரு நாள்.

பதில் இல்லை.

"வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? போயி அந்த சுகுமாரன்கிட்ட நான் எடுக்கலன்னு சத்தம் போட்டுச் சொல்றதுக்கு என்னா?"

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வந்தது.

கொட்டகையில் விஷயம் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்துப் பலகையில் மீன் கீறுகிற நல்லம்மாள் குரலைத் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அமரா, கோவிச்சுக்காத. ஆம்பளைங்களுக்கு வெளியில ஆயிரம் செலவு இருக்கும். எடுத்திருந்தா எடுத்திருக்கட்டுமே. கால்ல விழுந்துட்டா வேலையாச்சும் திரும்பக் கெடைக்கும்."

"எடுக்காதவரு எதுக்குக்கா கால்ல விழணும்?"

"அதான் மேப்புல வந்துருச்சாமே."

எல்லோருக்கும் அந்த மேப் தெய்வமாகிவிட்டது. அமராவதி மீனின் வயிற்றில் கத்தியை விட்ட வேகத்தில் பித்தப்பை உடைந்து பலகை பச்சையாகியது. முதலாளியம்மா தூரத்திலிருந்து பார்த்து 'ச்சு' கொட்டினாள்.

வார இறுதியில் விமலன் வந்தான். வரும்போதே முகத்தில் வெளிச்சம்.

"அத்தே, நாம மறந்தே போயிட்டோம். கேமரா இருக்கு லா! அதுல எல்லாம் ரெக்கார்ட் ஆயிருக்கும். மாமா எங்க போனாரு, எங்க நின்னாரு எல்லாம்."

அமராவதிக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. செல்லனைக் கிட்டத்தட்ட இழுத்து, விமலன் ஓட்டி வந்த காடியில் ஏற்றி மூவரும் யார்டுக்குப் போனார்கள். சுகுமாரன் ஆபீசில் ஏர்கோனைக் கடும் குளிரில் வைத்துக்கொண்டு அதற்காக ஒரு ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையானவன்தான். எரிச்சலே அதுதான்.

"உக்காருங்கக்கா. டீ சொல்லவா? அண்ணன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

விமலன் கேமராக் கார்டை எடுத்துக் கணினியில் போட்டான். படம் ஓடியது. மழை, வைப்பர், செம்பனை வரிசை, குலையைத் தூக்கி வீசுகிற பங்களாதேஷ் தொழிலாளர்கள். மூலையில் தேதி ஓடியது. இரண்டாயிரத்துப் பதினெட்டு, ஜனவரி ஒன்று.

சுகுமாரன் திரையருகே குனிந்து அந்தத் தேதியை விரலால் தொட்டான்.

"தம்பி" என்றான் சுகுமாரன் மெதுவாக, "இது எப்பவோ எடுத்த வீடியோ மாரி இருக்கே."

"இல்ல ப்ரோ, அது... டேட் செட் பண்ணல. கேமரா புதுசு. இது இப்ப எடுத்ததுதான்."

"இப்ப எடுத்ததுன்னு நான் எப்டி மேல காட்டுறது? அவங்க கேக்குற நாளு இதுல இருக்கா?"

இல்லை. கார்டு சின்னது. நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதிக்கொள்ளுமாம். கேட்ட நாளெல்லாம் எப்போதோ அழிந்துபோயிருந்தது.

திரும்பி வரும் வழியில் விமலன் வாய் ஓயவில்லை. "ஃபைவ் ஸ்டார் ரேட்டிங் அத்தே அந்தக் கேமராவுக்கு. எல்லாரும் நல்லதுன்னுதான் போட்டிருக்கான்." பின்னால் உட்கார்ந்திருந்த அமராவதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொல்ல வந்ததையெல்லாம் எச்சிலோடு விழுங்கினாள். மருமகன். மருமகன். மருமகன்.

அடுத்த வாரம் ஒரு காலை, மழைக்கு மின்சாரம் போனது. கொட்டகைக்கும் விடுமுறை. அமராவதி அடுக்களையில் விமலன் போட்ட விளக்கைத் தட்டினாள். வெளிச்சம் வந்தது. கூடவே அலமாரியில் பேட்டரியில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரியத் தொடங்கியது.

இது புதிதில்லை. தீபாவளி முடிந்ததிலிருந்து இந்த ரேடியோ அவ்வப்போது அப்படித்தான் செய்தது. விமலனிடம் சொன்னதற்கு, "ரேடியோ பழசு அத்தே, தூக்கிப் போடுங்க" என்றிருந்தான். நல்ல ரேடியோ. அதைப் போய். அன்றைக்கு இருந்த வெறுப்பில் அமராவதி விளக்கை அணைத்தாள். பாட்டு தெளிவாகக் கேட்டது. போட்டாள். பொரிந்தது. அணைத்தாள். பாட்டு. விளக்கைப் போட்டுவிட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே விளக்கு எரிந்தாலும் பாட்டு கேட்டது. திரும்ப அடுக்களைக்குள் நுழைந்து அந்தக் குட்டிப் பெட்டியின் பக்கத்தில் கொண்டுபோக, பாட்டே இல்லை, வெறும் இரைச்சல்தான்.

சனியன், ஒரு பாட்டுக்கூடக் கேட்க விடமாட்டேன் என்கிறது என்று திட்டிக்கொண்டே அதைப் பிடுங்கப் போனவள், கையை அப்படியே நிறுத்தினாள். பாக்கெட்டில் இரண்டு இருந்தன. மற்றது லோரியில் இருக்கிறது. ஜிபிஎஸ் டப்பாவின் பக்கத்தில்.

அவள் செல்லனிடம் சொல்லவில்லை. சொன்னாலும் கோழிக்கூண்டைத்தான் பார்ப்பார். பெட்டியை வயரோடு பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ரேடியோவையும் தூக்கிக்கொண்டு, பஸ் பிடித்து கோலசிலாங்கூர் டவுனுக்குப் போனாள்.

போன் பழுது பார்க்கிற ஜாபர் கடை மார்க்கெட் பக்கத்தில் இருக்கிறது. ஜாபரின் அப்பா காலத்தில் அது துணிக்கடை. இப்போது கண்ணாடிப் பெட்டி முழுக்கப் போன் ஓடுகளும் வயர்களும். நனைந்த குடையும் ரேடியோவுமாக வந்து நின்றவளை ஜாபர் முதலில் வாடிக்கையாளராக நினைக்கவில்லை.

"ரேடியோவெல்லாம் நான் பாக்குறதில்லக்கா."

"ரேடியோவுக்கு ஒண்ணுமில்ல பாய். நீங்க இதப் பாருங்க." பையைக் கவிழ்த்து, லோரி, ஜிபிஎஸ் டப்பா, முச்சந்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜாபர் பெட்டியின் மேல் மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். உள்ளே ஒரு செப்புக் கம்பிச் சுருள் அம்மணமாக இருந்தது. ஒரு சில்லு, ஒன்றிரண்டு பொட்டு. அவ்வளவுதான்.

"இத லோரில போட்டீங்களா? யாரு போட்டா?"

"எங்க மருமகன்" என்றாள் அமராவதி. அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு கோபத்தைத் திணிக்க முடியுமோ அவ்வளவையும் திணித்தாள். ஜாபருக்குப் புரிந்தது. அவருக்கும் மருமகன் இருந்தான்.

"அக்கா, பெரிய கரண்ட சின்ன கரண்டா எறக்கணும். எப்டி எறக்குறான்? வேகமா தெறக்குறான், மூடுறான், தெறக்குறான், மூடுறான். பைப்பத் தெறந்து மூடி, தெறந்து மூடி, வாளிக்கு வேண்டிய தண்ணிய மட்டும் விடுற மாரி. ஒரு நொடிக்குள்ள லட்சக்கணக்கான தடவ."

"சத்தமே கேக்கலயே பாய்."

"நம்ம காதுக்குக் கேக்காது. ரேடியோ காதுக்குக் கேக்கும். ஜிபிஎஸ்ஸு காது இன்னும் மோசம். அதுக்கு வானத்துல இருந்து வர்ற சேதி ரொம்ப மெலிசு. பக்கத்துலயே ஒருத்தன் உக்காந்து தகரத்தத் தட்டிக்கிட்டே இருந்தா அதுக்கு எப்டிக் கேக்கும்?"

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லணும். முச்சந்தியில நிக்கிறேன்னு ஏன் பொய் சொல்லுது?"

ஜாபர் கொஞ்சம் யோசித்தார். "அந்த முச்சந்தியில போன் டவர் இருக்கா?"

இருந்தது. ரேம்ப்புக்குப் பின்னாலேயே, சிவப்பும் வெள்ளையுமாக. தோட்டத்துக்குப் போகிற வழியில் அமராவதியே பார்த்திருக்கிறாள்.

"அப்ப சரி. சில டப்பா வானம் கேக்கலன்னா பக்கத்து டவரக் கேக்கும். டவர் இருக்குற எடத்தையே லோரி இருக்குற எடம்னு போட்டுடும்."

அமராவதி அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரே அவள் புருஷனைத் திருடன் என்றது, ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றதாக ஒரு டப்பா உளறியதால்.

ஜாபர் இழுப்பறையைத் துழாவி வேறொன்றை எடுத்து வைத்தார். கட்டைவிரல் நகம் அளவுதான். சுருள் கண்ணில் படவில்லை. எல்லாம் ஒரே மூடிக்குள் அடங்கியிருந்தது.

"இதுவும் அதே வேலைதான் செய்யும். ஆனா சத்தத்த உள்ளயே வச்சுக்கும். கரண்டு வர்ற பக்கமும் போற பக்கமும் வடிகட்டி இருக்கு. சூராவ்ல பாங்கு சொல்ற மைக்குல கிர்ருனு சத்தம் வருதுன்னு அதுக்கு வாங்குனேன், ஒண்ணு மிஞ்சிப்போச்சு. எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணுக்கா, மொதல்ல பழசோடவே அவங்களுக்குக் காட்டுங்க. புதுச மாட்டிட்டுப் போனா யாரு நம்புவான்?"

மறுநாள் விமலன் லீவு போட்டுவிட்டு வந்தான். போனில் அமராவதி எல்லாவற்றையும் தேன் தடவித்தான் சொல்லியிருந்தாள், இருந்தும் அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. யார்டில் சுகுமாரன் மறுபடியும் டீ சொல்லவா என்றான்.

"டீ வேணாம் தம்பி. மேப்பத் தெறங்க." ரேடியோ பொரிந்த கதையையும் ஜாபர் சொன்னதையும் அமராவதி ஒரே மூச்சில் சொன்னாள்.

விமலன் லோரியில் ஏறிக் கேமராவைப் போட்டான். சுகுமாரன் போனைப் பார்த்தான். செல்லனின் லோரி நீலப் புள்ளியாக யார்டிலேயே நின்றது. காத்திருந்தார்கள். தூறல் விட்டிருந்தது. புள்ளி அசையவில்லை. விமலன் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினான். புள்ளி யார்டில் கல் மாதிரி நின்றது.

"ஒண்ணும் ஆகலயேக்கா" என்றான் சுகுமாரன். அவன் குரலில் இருந்த பரிதாபத்தை அமராவதியால் தாங்க முடியவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க."

"எனக்கு மில்லுக்குப் போகணும். நீங்க அண்ணனுக்காகப் பாடுபடுறது புரியுது. ஆனா ரேடியோ, வெளக்குன்னு போயிச் சொன்னா மேல உள்ளவங்க சிரிப்பாங்க."

அமராவதி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இது வெட்டவெளி."

செல்லன். வந்ததிலிருந்து காடியின் மேல் சாய்ந்து நின்றவர். வாரக்கணக்கில் கேட்காத குரல் கரகரவென்று இருந்தது.

"இங்க வானம் முழுசாத் தெரியுது. இங்க எப்டித் தப்பும்? என் லோரிய எங்க எங்க காணலன்னு சொன்னீங்களோ அதெல்லாம் பழைய மரம் நிக்கிற பிளாக்கு. மட்ட மூடி இருட்டா இருக்கும். அங்க போயிப் பாருங்க."

"இத ஏன் அன்னிக்கே சொல்லலண்ணே?"

"நீங்க கேட்டீங்களா?"

சுகுமாரன் மணியைப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, லோரிச் சாவியை எடுத்துக் கொடுத்தான். முன்னிருக்கையில் நால்வரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அமராவதி மருமகனுக்கும் கதவுக்கும் நடுவே நசுங்கினாள். சுகுமாரனின் சுத்தமான கால்சட்டையில் இருக்கையின் எண்ணெய்க் கறை ஒட்டியது. அதில் அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி. செல்லன் கியர் போட்டார். மண்சாலையில் லோரி இடமும் வலமும் குலுங்கிப் போக, இரண்டு பக்கமும் மரங்கள் உயர்ந்துகொண்டே வந்து தலைக்கு மேல் மட்டைகள் கோத்துக்கொண்டன. பகலிலேயே மங்கலாகியது. ஒரு பிளாக்கின் நடுவில் செல்லன் லோரியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. அழுகிய உதிரிப்பழ வாடையும் ஈர மண் வாடையும் உள்ளே வந்தன.

"இப்பப் பாருங்க."

சுகுமாரன் போனைப் பார்த்தான். புள்ளி சற்று நேரம் நின்றது. தடுமாறியது. பிறகு ஒரே தாவு. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"எங்க காட்டுது தம்பி?" என்றாள் அமராவதி.

விமலன் எட்டிப் பார்த்தான். "முச்சந்தி. ரேம்ப்பு."

"அப்ப நாம நாலு பேரும் இப்ப ரேம்ப்புல நின்னு பழம் விக்கிறமா?" அமராவதியின் குரல் உடைந்தது. "சொல்லுங்க சுகுமாரன். உங்க மேப்பு சொல்லுதுல்ல? நீங்களும் இந்த லோரிலதான உக்காந்திருக்கீங்க? நீங்க எவ்ளோ பங்கு எடுத்தீங்க?"

"அத்தே" என்றான் விமலன்.

"நீங்க சும்மா இருங்க மாப்ள! உங்களாலதான் எல்லாம்!"

வந்துவிட்டது. இத்தனை வாரம் விழுங்கியது அந்த இடத்தில் வந்துவிட்டது. விமலன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே டேஷ்போர்டுக்குள் கையை விட்டுக் கறுப்பு டேப் சுற்றிய பெட்டியைப் பிடுங்கினான். எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரையில் மட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொஞ்ச நேரம் கழித்துப் புள்ளி தோட்டத்துக்குத் திரும்பி வந்து, அவர்கள் நிற்கிற பிளாக்கிலேயே உட்கார்ந்தது. விமலன் ஜாபர் கொடுத்ததை மாட்டினான். கேமரா எரிந்தது. புள்ளி நகரவில்லை. செல்லன் லோரியைப் பிளாக் பிளாக்காக ஓட்டிக் காட்டினார். அது நாய்க்குட்டி போலக் கூடவே வந்தது.

"நாந்தான் மாமா கெடுத்துட்டேன்" என்றான் விமலன், யார்டுக்குத் திரும்பும்போது.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க" என்றார் செல்லன்.

யார்டில் இறங்கியதும் சுகுமாரன் கால்சட்டையைத் தட்டிக்கொண்டான். "சரிண்ணே. நான் மேல பேசிக்கிறேன். நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க. முடிஞ்சது."

"முடியல" என்றார் செல்லன். "அன்னிக்கு எல்லா ட்ரைவரும் இருந்தாங்க. அவங்களுக்கும் தெரியணும்."

"குருப்புல போட்டுடுறேண்ணே." ட்ரைவர்களின் வாட்ஸப்பில் 'ஜிபிஎஸ் பிரச்சனை முடிந்தது, நன்றி' என்று தட்டிக் காட்டினான்.

"இதுல எம் பேரு எங்க?"

சுகுமாரன் பேரைச் சேர்த்தான். 'செல்லன் லோரி ஜிபிஎஸ் பிரச்சனை முடிந்தது.' அமராவதிக்குப் பொறுக்கவில்லை. "திருடன்னு வாயாலதான சொன்னீங்க? இதையும் வாயால சொல்லுங்க." அவன் அவளைப் பார்த்தான், செல்லனைப் பார்த்தான். இருவரும் நகர்கிற மாதிரி இல்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தான்.

"நான் சுகுமாரன் பேசுறேன். செல்லண்ணன் எங்கயும் லோரிய நிறுத்தல. பழம் எடுக்கல. அவரு சொன்னது சரி. நாங்கதான் தப்பாச் சொல்லிட்டோம். மன்னிச்சுக்குங்கண்ணே."

கடைசி வார்த்தை கேட்காமலே வந்தது. செல்லன் தலையசைத்தார். பிறகு லோரியில் ஏறி, கண்ணாடியிலிருந்து கேமராவைப் பிய்த்தெடுத்தார், குட்டிப் பெட்டியையும் வயரோடு கழற்றினார், தலையணைக்காக வைத்திருந்த பழைய சட்டையை எடுத்தார். இறங்கி வந்து சாவியைச் சுகுமாரன் கையில் வைத்தார்.

"அண்ணே, நாளைக்கு..."

"நாளைக்கு வேற ஆள வச்சு ஓட்டுங்க தம்பி."

அமராவதிக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. காடியில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தி, யார்டு கேட்டைத் தாண்டுகிற வரைக்கும்தான் அவளால் பொறுக்க முடிந்தது.

"உங்களுக்குப் பைத்தியமா? இதுக்கா நான் ரேடியோவத் தூக்கிக்கிட்டு மழையில அலைஞ்சேன்?"

"அலைஞ்சதாலதான் போறேன். திருட்டுப் பேரோட போனா எவன் லோரி குடுப்பான்?"

"இப்ப மட்டும் எவன் குடுக்குறான்?"

"ராசா டவுன்ல ஒரு சீனத் தவுக்கே. சொந்தமா லோரி வச்சிருக்காரு. ஆள் கேட்டுக்கிட்டு இருக்காரு. கேஸ முடிச்சுட்டு வான்னாரு. நாலஞ்சு தடவ போன்ல பேசிட்டேன்."

"போன்ல பேசுனீங்களா?" அமராவதி முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். "அடுப்படியில நிக்கிற எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல, மரவள்ளிச் செடிகிட்ட நின்னு சீனன்கிட்ட வாய் கிழியப் பேசிருக்கீங்க!"

"அவரு எங்கிட்ட எடுத்தியான்னு கேக்கல."

"நான் கேப்பேன்! பொண்டாட்டி கேக்காம வேற எவ கேப்பா? எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா நோவு உங்களுக்கு?"

"உனக்கு அது சொல்லித்தான் தெரியணுமா?"

"தெரியும்! தெரிஞ்சாலும் கேப்பேன்! வாயால சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்!"

"எடுக்கல. போதுமா? எடுக்கல."

"இத அன்னிக்கே சொல்லிருந்தா உப்பில்லாத கொழம்பு தின்னிருக்க வேணாம்ல?"

"அது வேணும்னேதான் வச்சியா?"

"பின்ன?"

"அடிப்பாவி, நீ மறந்துட்டன்னுல்ல நெனச்சேன்."

மழை மறுபடி வலுத்தது. வைப்பர் அடித்துக்கொண்டது. ராசா எவ்வளவு தூரம், தினம் யார் போய் வருவது, அங்கே தங்க இடம் உண்டா, கோழிக்கு யார் தீனி போடுவது என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் ஒவ்வொன்றுக்கும் குரலை உயர்த்திப் பதில் சொன்னார். பதில் பிடிக்காமல் அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி சொன்னார்.

புக்கிட் பெலிம்பிங்குக்குத் திரும்புகிற முனை வந்தது. விமலன் கண்ணாடியில் பின்னிருக்கையில் இருந்த இருவரையும் ஒருமுறை பார்த்தான். இந்தப் பேச்சு வீடு வந்து நின்றுவிட வேண்டாமென்று, சிக்னலைப் போடாமல், வேகத்தையும் குறைக்காமல், ஆற்றுப் பாலத்தை நோக்கி நேராக ஓட்டிக்கொண்டு போனான். இருவருமே கவனிக்கவில்லை.